அப்பாவின் இதயம் நிரம்பும் நேரம்

கிளிவெட்டிக்குப் போகும் வழியில், சோதனைச்சாவடியில் இறங்கி நடந்து கடந்து மறுபடி பஸ்ஸில் ஏறிய அப்பாவுக்கு மூச்சு வாங்கியபோதுதான், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதன் காரணம் சட்டென்று விளங்கியது.

அவருடைய இதயக் குழாய்களில் அடைப்பிருந்தது. இரத்தம் போதாத தசை விறைத்துப்போகும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இளகி நிரம்ப அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும். அப்பாவோ, அப்பால் காத்து நிற்கும் பஸ்ஸைத் தாமதப்படுத்தக்கூடாதென்று எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்திருந்தார். ஓட்டத்தில் துடிப்பு கூடும், நிரம்பும் நேரம் குறையும்.

“அப்பா, உங்கட இதயம் நிரம்ப முதல் நீங்கள் ஓடுறியள்!”

“ஓம் டொக்டர் ஐயா. முதல்ல உங்கட டொக்டர் சோதினையைப் பாஸ் பண்ணுங்கோ. பஸ் விட்டிட்டுப் போனா என்னைத் தூக்கிக்கொண்டு போவியளோ?”

திரும்பும்போது, சோதனைச்சாவடியில் இறங்க முன்பே சாரதியிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அப்போதும் மூச்சு வாங்குகிறதா என்று அவரை மெல்ல நடத்திப் பார்ப்பதென்று தீர்மானித்தேன்.