கமலேஸ்வரி கண்ட பிளேன்

மிசினிலிருந்து கழற்றிய பிளக்கைக் கமலேஸ்வரி முதலில் மணந்துதான் பார்ப்பார். அடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு நாக்கு நுனியில் ஒருக்கால் தொட்டுவிட்டுத் துப்புவார். "எண்ணெய்க்க தண்ணி கிடக்கு. எங்க வாங்கினனீங்கள்?" என்று அவர் கேட்கும்போது, மிசினைக் கொண்டு வந்தவர் ஏதோ தானே வாளியால் ஊற்றிவிட்டது போல முழிப்பார்.

வயது ஐம்பத்துமூன்று. கனகராயன்குளத்தில் குளக்கட்டுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் கச்சான் கடலை, ஒரு கிணறு, மண்ணெண்ணெயில் ஓடும் ஓர் இறைப்பு மிசின், இவ்வளவும்தான் சீவியம். மிசின் திருத்துவது அவருடைய தொழில் அல்ல. போர்டும் இல்லை, கராச்சும் இல்லை. ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எந்த மிசின் அடம்பிடித்தாலும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். சட்டைக்கு மேலே புருசனின் பழைய முழுக்கைச் சேட்டுப் போட்டிருப்பார். அதன் பையில் ஒரு கம்பித் துண்டு, ஓர் ஊசி, இரண்டு டொபி. டொபி யாருக்கு என்று கேட்டால், "மிசின் ஸ்டார்ட் வந்தால் எனக்கு" என்பார். வராவிட்டாலும் அவருக்குத்தான், அது வேறு விசயம்.

எந்த மிசினுக்கும் அவரிடம் மூன்று கேள்விகள் இருக்கின்றன. "இது முந்தியும் நிண்டதோ? எப்பிடி நிண்டது? ஆர் கை வைச்சது?" பதில் கிடைத்த பிறகுதான் கயிற்றை இழுப்பார். மிசின் பிடித்துக்கொண்டதும் அதற்கு முதுகைக் காட்டி வரம்பில் குந்திவிடுவார். தன் மிசினைக் கவனிக்காமல் கச்சானைப் பார்க்கிறாரே என்று புதிதாக வந்தவர்களுக்குக் கோபம் வரும். "பாத்தால் சத்தம் குழம்பிப்போம், கொஞ்சம் கதையாமல் இருங்கோ" என்று ஓர் அதட்டல் விழும். இரண்டு நிமிசத்தில் நோய் இன்னது என்று சொல்லிவிடுவார், அது பிழை என்று ஆனதாக ஊரில் கதை இல்லை.

மிசின் விசயத்தில் இப்படி அடித்துச் சொல்கிற ஆள், மற்ற எல்லாவற்றிலும் நேர் எதிர். திருவிழாவுக்கு எந்தச் சீலை, வோட்டு ஆருக்கு, மகளின் கலியாணத்தை எந்த மாதம் வைப்பது, எதைக் கேட்டாலும் "எனக்கெண்டால் தெரியாது" என்பதுதான் பதில். இந்த ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் மிசின் பக்கமும் வந்துவிட்டது. போன கிழமை பொன்னையா அண்ணையின் மிசினை அரை மணித்தியாலம் கேட்டுவிட்டு, "எனக்கெண்டால் தெரியாது, கிளிநொச்சிக்குக் கொண்டு போங்கோ" என்றாராம். மனிசர் மிசினைத் திரும்பக் கட்டவும் மறந்து நின்றார்.

எல்லாம் அந்தப் பிளேனால் வந்த வினை. ஆடி மாதத்துக் காலை ஒன்பதரை மணிக்கு, இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு தனியார் விமானம் தெற்கிலிருந்து வந்தது. ஓட்டி வந்தவன் யதுர்ஷன், இருபத்தாறு வயது, தனி ஆள். விமானம் குளக்கட்டைத் தாண்டி, ஒரு பாலை மரத்தின் தலையை முறித்துக்கொண்டு, பக்கத்து வெறும் வயலில் மூக்கைக் குத்தி நின்றது. பிள்ளைக்கு இரண்டு காலும் முறிவு, உயிர் தப்பியது பெரிய காரியம். கிட்ட நின்ற ஒரே ஆள் கமலேஸ்வரி.

மத்தியானம் விசாரிக்க வந்த உத்தியோகத்தரைச் சுற்றி ஊரே நின்றது. "பிளேன் வந்ததைக் கண்டனீங்களோ?" "ஓம், கண்டனான்." "அதின்ர மிசின் ஓடிக்கொண்டிருக்கத் தாழப் பறந்து வந்து, மரத்தில தட்டித்தானே விழுந்தது?" முறிந்த மரம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்றது. சுற்றி நின்றவர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஓம் எண்டுதான் நினைக்கிறன்" என்றார் கமலேஸ்வரி. கடதாசியில் "ஓம்" மட்டும் ஏறியது. கையெழுத்தும் வைத்தாயிற்று.

உண்மை என்னவென்றால், அவர் ஒன்றையும் காணவில்லை. தாழ வந்த அந்தச் சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், உடம்பு தன் பாட்டில் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்துவிட்டது. பதினேழு வயதில் பொம்பருக்குப் படுக்கப் பழகின உடம்பு அது. சண்டை முடிந்து இத்தனை வருசமாகிவிட்டது என்று அதற்கு யார் போய்ச் சொல்வது? மரம் முறிகிற சத்தம் கேட்டது. பிறகு "அம்மா, அம்மா" என்று ஒரு குரல் கத்தியது. கமலேஸ்வரி எழும்பவில்லை. பொம்பர் ஒருக்கால் குண்டு போட்டால் சுற்றி வந்து திரும்பவும் போடும், முதல் சத்தத்துக்கு எழும்பினவர்கள்தான் செத்தவர்கள். இரண்டாவது சுற்றுக்காக அவர் காத்துக் கிடந்தார். எவ்வளவு நேரமென்று அவருக்கே தெரியாது. வானத்தில் ஒன்றுமில்லை என்று விளங்கிய பிறகுதான் எழும்பி ஓடினார்.

இதை ஊருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? வெட்கம் ஒரு பக்கம், அந்தக் குரல் மறு பக்கம். அதற்குள் புருசன் பரமலிங்கம் தேத்தண்ணிக் கடையில் வேலையைத் தொடங்கிவிட்டார். "என்ர மனிசி கண்கண்ட சாட்சி. பிளேனின்ர நீலக் கோடு, பெடியன்ர கறுப்புக் கண்ணாடி, எல்லாம் கண்டவ." ஒவ்வொரு கோப்பைப் பிளேன்ரீக்கும் ஒரு சாமான் கூடியது. அதைக் கேட்டுக் கேட்டுக் கமலேஸ்வரிக்கும் இப்போது கண்ணை மூடினால் நீலக் கோடு தெரிகிறது. கண்டேனா, கேட்டேனா, இந்த மனுசன் சொன்னதா? சோறு குழைக்கும்போதும் இதுதான் யோசனை.

பெடியனின் அக்கா கஜேந்தினி, ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். "அன்ரி, அவன் போனில வீடியோ எடுக்கத் தாழப் பறந்தவனாம், மரத்தில அடிச்சு விழுத்தினவனாம். பிளேன் சொந்தக்காரர் அப்பிடித்தான் எழுதிக் குடுத்திருக்கினம். உங்கட சாட்சியும் அப்பிடித்தான் இருக்காம். தம்பியெண்டால், மிசின் முதல் நிண்டிட்டுது, மரம் பிறகுதான் எண்டு சத்தியம் பண்ணுறான். லைசன் போனால் அவனுக்கு வேற ஒண்டும் தெரியாது அன்ரி. வழக்கும் வருமாம். நீங்கள் கண்டதைக் கண்டபடி சொன்னால் காணும்." எழும்பும்போது அவரின் கையைப் பிடித்தாள். "நீங்கள்தானே முதல் ஓடிப்போய் அவனைத் தூக்கினது. உங்களை நாங்கள் மறக்கமாட்டம்."

அன்றைக்கு அந்தப் பிஸ்கட் பெட்டியைக் கமலேஸ்வரி தொடவில்லை. பரமலிங்கம்தான் தின்று முடித்தார்.

கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தவர் நிஸார், பிறந்த இடம் வவுனியாவுக்குப் பக்கத்துச் சாளம்பைக்குளம். முற்றத்துக் கதிரையில் இருந்து அவர் கோப்பைத் திறக்கவும், கமலேஸ்வரியின் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. "தம்பி, இது முந்தியும் நிண்டதோ?"

நிஸாருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தாளைப் புரட்டிப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "மூணு வருசத்துக்கு முந்தி ஓடுபாதையிலயே எஞ்சின் நிண்டிருக்கு. போன வருசம் இறங்கக்குள்ள முன் சில்லு உடைஞ்சிருக்கு. ரெண்டுக்கும் காரணம், ஓட்டினவர்ட கவனயீனம் எண்டு சொந்தக்காரர் எழுதியிருக்கிறார்."

"எண்ணெய்த் தாங்கியைத் திறந்து பாக்கேல்லையோ?"

"பாத்ததா எழுத்தில்ல. இந்த முறை பாப்பமெண்டால், தாங்கி வெடிச்சு எண்ணெய் முழுக்க மண்ணுக்க போய்ட்டு. பெடியனும் சொந்தக்காரரும் ஆளுக்கொரு கதை சொல்றாங்க. நடுவில இருக்கிறது நீங்கதானம்மா. நீலக் கோடு கண்டதெண்டு சொன்னீங்களாம்?"

"ஓம்."

"அது சிவப்பு" என்றார் நிஸார், மெதுவாக.

அன்றிரவு கமலேஸ்வரிக்கு நித்திரை வரவில்லை. காதை நம்பலாமென்றால் அதிலும் ஒரு சிக்கல். தண்ணீர் கலந்த எண்ணெயில் மிசின் ஒரேயடியாக நிற்காது. இருமும், பிடிக்கும், மறுபடி இருமும், பிறகுதான் சாகும். அந்த இருமல் அன்றைக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. ஆனால் இருமினது மேலே வந்த பிளேனா, கிணற்றடியில் நின்ற தன்னுடைய மிசினா? தன்னுடையதுதான் என்றால், உள்ளதைச் சொல்லுகிறேன் என்று போய் இன்னொரு பொய்யைச் சொன்னதாகிவிடும். "எனக்கெண்டால் தெரியாது" என்று இருட்டில் சொன்னார். "படுத்துக்கொள்ளும், விடியட்டும்" என்றார் பரமலிங்கம் மற்றப் பக்கம் திரும்பி.

அடுத்த கிழமை நிஸார் இரண்டு பேரோடு வயலுக்கு வந்து அளவு நாடாவை இழுத்தார். வரம்பில் பரமலிங்கமும் பாதி ஊரும், கொஞ்சம் தள்ளிக் கஜேந்தினியும் நின்றார்கள். "அம்மா, அண்டைக்கு நிண்ட இடத்தில நில்லுங்க. பிளேன் எந்தப் பக்கத்தால வந்தது எண்டு கையக் காட்டுங்க."

கமலேஸ்வரி வாய்க்கால் ஓரத்தில் நின்று கையைக் குளப்பக்கம் தூக்கினார். பாதியில் இறக்கினார். றோட்டுப் பக்கம் தூக்கினார்.

"இஞ்சேர், அந்தப் பக்கமப்பா! மரத்துப் பக்கம்!" என்று பரமலிங்கம் கத்தினார்.

"நீங்கள் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ!" என்றார் கமலேஸ்வரி. முப்பது வருசத்தில் புருசனை அவர் ஊருக்கு முன்னால் அதட்டியது அதுதான் முதல் தரம். நிஸாரிடம் திரும்பினார். "தம்பி, நான் காணேல்லை. கண்டனான் எண்டு சொன்னது பொய். நான் படுத்துக் கிடந்தனான்."

அவர் சேட்டுக் கையை இழுத்து விட்டுக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கிக் குப்புறப் படுத்தார். "இப்பிடித்தான். பொம்பர் எண்டு நினைச்சிட்டன். கஜேந்தினிப் பிள்ளை, உன்ர தம்பி அம்மா எண்டு கத்தேக்கையும் நான் இப்பிடித்தான் கிடந்தனான். எழும்பேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்."

கஜேந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊரில் யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கமலேஸ்வரியின் இடது கை தன் பாட்டில் போய் இடது காதைப் பொத்தியது. வலது கை மட்டும் தலைக்கு வரவில்லை, எதையோ இறுக்கிப் பிடித்தபடி மடங்கி நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"சாவி!" என்றார் திடீரென்று. "இந்தக் கையில பிளக் கழட்டுற சாவி இருந்தது தம்பி. அதாலதான் வலது காதைப் பொத்தேல்லை. பிளக்கைக் கழட்டிப்போட்டு நிண்டனான். அப்ப என்ர மிசின் ஓடேல்லை. ஓடியிருக்கேலாது!"

நிஸார் வாய்க்கால் கரையில் குந்தினார். கூட வந்தவர் ஒலிப்பதிவுக் கருவியைக் கிட்ட நீட்டினார். "சரியம்மா. காணாட்டிப் பரவாயில்ல. அந்தக் காதுக்கு என்ன கேட்டது, அதச் சொல்லுங்க."

கமலேஸ்வரி அதைக் கையால் சொன்னார். வலது கையின் விரல்கள் விரிந்து மண்ணில் படபடவென்று அடிக்கத் தொடங்கின. நின்றன. மறுபடி அடித்தன, இந்த முறை பிசகிப் பிசகி. நின்றன. இன்னும் இரண்டே இரண்டு தட்டு. பிறகு உள்ளங்கை மண்ணில் அசையாமல் கிடந்தது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க, நிஸார் தன் மணிக்கூட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை எண்ணினார். அதற்குப் பிறகுதான் கை முட்டியாக மடங்கி, நிலத்தில் ஒரு தரம் ஓங்கிக் குத்தியது. "இதுதான் மரம்" என்றார் கமலேஸ்வரி.