பேர் மாற்றிக் கூட்டிய பிள்ளை

அவனுக்குப் பெரியகருப்பன் என்று பேர் வைத்த அன்றைக்கு நானும் இருந்தேன். அப்போது அவனுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது. அதுவரைக்கும் அவன் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த மெய்யம்மையின் மூன்றாவது மகன் வாசு.

கிள்ளானில் கடை வைத்திருந்த சோமசுந்தரத்துக்கும், என்னை அக்கா முறையில் ஆச்சி என்று கூப்பிடுகிற என் சித்தி மகள் நாச்சம்மைக்கும் பிள்ளை இல்லை. மெய்யம்மையின் புருஷன் சோமசுந்தரத்துக்குப் பங்காளி. எங்கள் செட்டியார் வழக்கப்படி எழுபத்தெட்டாம் வருஷம் கோயில் மாலை போட்டு அந்தப் பையனைப் பிள்ளை கூட்டினார்கள், தத்து எடுக்கிறதுதான். சோமசுந்தரத்தின் அப்பா பேரை வைத்தார்கள். பழைய பேரை இனி யாரும் சொல்லக் கூடாது என்றும் பேச்சு.

புதுப் பேரைச் சொன்னால் பையன் திரும்பவே மாட்டான். பிஸ்கட் டின் திறக்கிற சத்தத்துக்கு மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வருவான். பழைய பேர் மறக்க நாளாகும் என்றோம். முகம் பார்க்க மாட்டான். பெற்றவள் நினைப்பு என்றோம். பேச்சு வரவில்லை, வீடு மாறின பிள்ளை என்றோம்.

ஒரு வருஷம் போனது. நான் கிள்ளானுக்குப் போயிருந்த ஒருநாள், சட்டி மூடியைத் தரையில் சுழல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாச்சம்மை பின்னால் நின்று மெதுவாக, "வாசு" என்றாள். இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாக. அவன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆச்சி, இதுக்கும் திரும்பலை" என்றாள் என்னிடம்.

மறுநாளே இருவரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பஸ் ஏறினோம். மெய்யம்மை காப்பி கலக்குகிற சாக்கில் எழுந்து போகப் பார்த்தாள். நாச்சம்மை விடவில்லை.

"இங்க இருந்தப்ப பேர் சொன்னா திரும்புவானா?"

"மூணு பயலுக கத்துற வீடு லா. யாரு கவனிச்சா?"

"விரல் நீட்டி எதையாவது காட்டுவானா?"

"என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, என் கையாலயே எடுப்பான். ஒன்றரை வயசுல பால்னு சொன்னான். அப்புறம் அதுவும் போச்சு."

"ஏன் சொல்லலை?"

"மூத்தவனும் லேட்டாத்தான் பேசினான். ஒத்தப் பிள்ளையா உங்கிட்ட வளர்ந்தா சரியாயிடும்னு நெனச்சேன், நாச்சம்மை."

பிறகு டாக்டர்மார். காதைச் சோதித்தார்கள். ஆம்பளைப் பிள்ளை, பொறுங்கள் என்றார்கள். அவனுக்கு ஐந்து வயதானபோதுதான் கோலாலம்பூரில் ஒரு டாக்டரம்மா ஆட்டிசம் என்றாள். பேருக்குத் திரும்பாதது, கண் பார்க்காதது, சுட்டிக் காட்டாதது, வந்த சொல் போனது எல்லாம் அதற்கு அடையாளமாம். இரண்டு வயதிலேயே கண்டுகொள்ளலாமாம். நாச்சம்மை மருந்து கேட்டாள். மருந்து இல்லையாம். பள்ளிக்கூடம் கேட்டாள். டாக்டரம்மாவுக்குத் தெரிந்து பக்கத்தில் அதுவும் இல்லையாம்.

சோமசுந்தரம், "பெத்தவங்க வீட்டுலயே விட்டுடுவோம்" என்றார்.

"மாலை போட்டுக் கூட்டின பிள்ளை. கடைச் சரக்கா, திருப்பிக் குடுக்க?" என்றாள் நாச்சம்மை.

அதற்குப் பிறகு அவர் பையனிடம் பேச்சுக் கொடுப்பதே இல்லை.

குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவளே. பதினைந்து வயதில் அவளைவிட உயரமாகிவிட்டான். கதவு திறந்திருந்தால் ரோட்டுக்கு ஓடுவான், லோரி வருவதைப் பார்க்க மாட்டான். பிடித்தால் தள்ளுவான். சோமசுந்தரம் காலமான பிறகு ஒரு தடவை தள்ளியதில் அவள் இடுப்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "நான் எந்திரிக்கிற வரைக்கும் யாராவது வச்சுக்கிட்டாப் போதும், ஆச்சி" என்றாள். மெய்யம்மை அழுதாள், கூட்டிப்போகவில்லை. எனக்கும் அவனைப் பிடித்து நிறுத்துகிற தெம்பு இல்லை. எழுந்த பிறகும் நாச்சம்மைக்குத் தடியில்லாமல் நடக்க வரவில்லை.

பெரியகருப்பன் இப்போது ரவாங்கில், இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற ஓர் இல்லத்தில் இருக்கிறான். நாச்சம்மை மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.