சைக்கிள் மேல் போட்ட பழி

இடது கைச் சுண்டு விரல் முதலில் மரத்துப்போனது பொன்மார் சாலையில். ஞாயிறு காலைகளில் சேலையூரிலிருந்து அகரம்தென் வழியாக நாங்கள் சைக்கிளில் போகும் பாதை அது. வயல், ஏரி, எதிரே சிறு குன்றுகள். கையை உதறிக்கொண்டே ஓட்டினேன். மாம்பாக்கம் வந்த பிறகும் விரலுக்கு உயிர் வரவில்லை.

நாங்கள் என்றால் நானும் தனசேகரும். நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டூல்ரூம் ஃபிட்டர். என் கைதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. தனசேகர் வங்கி ஊழியன். கியர் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து இன்டர்நெட்டில் சைக்கிளைப் பற்றிக் கண்டதையும் படித்து வைத்திருப்பவன். விரலைக் காட்டினேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஹேண்டில்பார் அழுத்துது மச்சான். சைக்கிள் ஓட்டுற எல்லாருக்கும் வர்றதுதான். டேப்பை டபுளா சுத்து, மெத்தை வச்ச கிளவுஸ் போடு. பறந்துடும்."

இதே தொல்லையோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் சொன்னது பொய் இல்லை. நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் விரல் மரக்கத்தான் செய்யும். ஆனால் ஓய்வு கொடுத்தால் குறைய வேண்டும். என் விரல் திங்கட்கிழமையும் மரத்திருந்தது, வியாழக்கிழமையும் மரத்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, மடையன்.

அடுத்த ஒன்பது மாதம் நான் ஆடிய கூத்தைக் கேளுங்கள். டேப் மாற்றினேன், ஹேண்டில்பாரை உயர்த்தினேன், சீட்டை இறக்கினேன். பொன்மார் சாலை குலுக்குகிறது என்று அதை விட்டுவிட்டு மேற்கே திரும்பினேன். முடிச்சூர், மணிமங்கலம், சோமங்கலம், அப்படியே குன்றத்தூர். மணிமங்கலம் ஏரிக்கரையில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். குன்றத்தூர் நெருங்கும்போது முருகன் மலை மெல்ல எழும்பி வரும். அவ்வளவு அழகான பாதையில் நான் தார் வழுவழுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

விரல் மரத்தது போதாதென்று மோதிர விரலும் சேர்ந்துகொண்டது. இரண்டும் நிமிர மறுத்தன. டூல்ரூமில் கையிலிருந்த வெர்னியர் அளவுகோல் நழுவி விழுந்த அன்று ஒரு தனியார் கிளினிக்கில் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கிழமை எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

"அறுபது கிலோமீட்டர் டாக்டர்."

"நாப்பத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா சார்? சைக்கிளை வித்துடுங்க, எல்லாம் சரியாயிடும்."

மணிக்கட்டுக்கு ஒரு பட்டை, வைட்டமின் மாத்திரை. அவ்வளவுதான். என் சட்டைக் கையை அவர் மேலே ஏற்றவே இல்லை. ஏற்றியிருந்தால் முழங்கைக்குக் கீழே ஒரு வெளிறிய திட்டைப் பார்த்திருப்பார். என் மனைவி மெஹர் அதைப் பார்த்திருந்தாள். "வெயில்ல சுத்துறீங்கல்ல, தேமல்" என்று சொல்லி அவளும் சைக்கிள் தலையிலேயே போட்டாள். வாயில்லாத அந்த இரும்பின் மேல் பழி போடாதவர் யாருமில்லை.

சோமங்கலம் அருகே ஒரு டீக்கடை. ஒரு ஞாயிறு தனசேகரோடு அங்கே நின்று பேசிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் திடீரென்று கத்தினார்.

"இன்னா சார் நீ! பாய்லர் மேல கைய வச்சுகினு கத பேசிகினு கீற! தோலு பொசுங்குது பாரு!"

பார்த்தேன். இடது கையின் ஓரம் பாய்லரில் ஒட்டியிருந்தது. எடுத்தபோது தோல் வெந்து கொப்புளம் கிளம்பியிருந்தது. வலிக்கவில்லை. துளிகூட வலிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை.

புண்ணுக்குக் கட்டுப் போட மெஹரோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். சுட்டது தெரியவில்லை என்று நான் சொன்னதும் நர்ஸ் என்னைத் தோல் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் இளவயதுப் பெண் டாக்டர். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சட்டையைக் கழட்டுங்க" என்றார். கண்ணை மூடச் சொல்லித் திட்டின் மேல் பஞ்சை வைத்துப் பார்த்தார், வைத்ததே எனக்குத் தெரியவில்லை. பிறகு முழங்கையின் பின்பக்கத்தைத் தடவி, என் வலது கை விரலைப் பிடித்து அங்கே வைத்தார். அல்நார் நரம்பு (முழங்கையைச் சுற்றிச் சுண்டு விரலுக்கு இறங்கும் நரம்பு) சணல் கயிறு போலப் பருத்திருந்தது.

"இது தொழுநோய். பயப்படாதீங்க, முழுசா குணமாகும். ஆறு மாசம் மாத்திரை. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குப் பரவாது."

"அதெல்லாம் இப்பவும் இருக்கா மேடம்?"

"இல்லேன்னு எல்லாரும் நினைக்கிறதாலதான் நீங்க ஒன்பது மாசம் கழிச்சு என்கிட்ட வர்றீங்க."

"விரல் நிமிருமா?"

"கிருமி போயிடும். நரம்பு திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. ஆரம்பத்துலயே வந்திருந்தா கண்டிப்பா காப்பாத்தியிருக்கலாம்."

வராண்டாவில் மெஹர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு சட்டைக் கையை ஏற்ற எத்தனை நொடி ஆகும்? அந்த நொடி இல்லாமல் போனதால் என் விரல் போய்விட்டதே! திரும்ப உள்ளே போய்க் கேட்டேன், சைக்கிள் ஓட்டலாமா என்று. "ஏன் ஓட்டக் கூடாது? கிளவுஸ் போடுங்க. அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திக் கையைப் பாருங்க. கைக்குத் தெரியாததைக் கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும்" என்றார் டாக்டர். ஒன்பது மாதத்தில் சைக்கிளைத் திட்டாத முதல் ஆள் அவர்தான்.

மாதம் ஒரு முறை ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் மருந்து) நர்ஸ் எதிரிலேயே விழுங்க வேண்டும். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும், பதறாதீர்கள். தினமும் டாப்சோன் (கிருமி பெருகாமல் தடுப்பது). எனக்குக் கூடுதலாக பிரட்னிசலோன் (நரம்பின் வீக்கத்தைத் தணிப்பது) கொடுத்தார்கள். அதில் முகம் உப்பியது, பசி பேயாய் எடுத்தது.

இதையெல்லாம் தனசேகரிடம் போனில் சொன்னேன். "நாம ஒரே பாட்டில்ல தண்ணி குடிச்சோமே மச்சான்" என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என் நோய்க்குப் பெயர் ஹேண்டில்பார் என்று இருந்தவரை வாய் ஓயாமல் வைத்தியம் சொன்னவன்! அந்தக் கோபத்தில் நான் தனியாகவே மணிமங்கலம் வரை போய் வந்தேன்.

இப்போது என் நேரம் வேறு கணக்கில் ஓடுகிறது. முன்பு தூரத்தை வைத்துப் பயணத்தை அளப்பேன். இப்போது இரண்டு முறை கையைப் பார்ப்பதற்கு நடுவில் உள்ளதுதான் ஒரு பயணம். நிறுத்துவேன், கிளவுஸைக் கழற்றுவேன், விரல் விரலாகப் பார்ப்பேன். வீட்டில் காலையில் அதே வேலையை மெஹர் செய்கிறாள். மோதிர விரல் பாதி நிமிர்ந்திருக்கிறது. சுண்டு விரல் அப்படியே இருக்கிறது.

நான்காவது மாதம், ஒரு ஞாயிறு காலை தனசேகர் வாசலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"முதுகுல ஒரு திட்டு இருக்கு மச்சான். என்னால சரியா பாக்க முடியல. வீட்ல சொல்ல பயமா இருக்கு."

"நாலு மாசமா எங்கடா போயிருந்தே? இப்ப உனக்குன்னு வந்ததும் வழி தெரிஞ்சுதா?"

கதவைச் சாத்தியிருப்பேன். மெஹர் முந்திக்கொண்டாள். "உள்ள வாங்கண்ணா" என்று அவனை உட்காரவைத்து, என் கையில் பஞ்சைத் திணித்துவிட்டு என்னை ஒரு முறை முறைத்தாள்.

சட்டையைக் கழற்றினான். தோளுக்குச் சற்றுக் கீழே எட்டணா அளவு வெளிறல். கண்ணை மூடச் சொன்னேன். வலது கையால் பஞ்சை அவன் முதுகில் அங்கங்கே வைத்தேன். "இப்ப" என்றான். "இப்ப." திட்டின் நட்ட நடுவில் வைத்தேன். "இப்ப."

"உணர்ச்சி இருக்குடா. அநேகமா வெறும் தேமலாத்தான் இருக்கும். ஆனா நான் சொல்றதை நம்பிக்கிட்டு இருக்காதே, நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு."

அவன் தோள்கள் குலுங்கின. நான் பஞ்சைக் கீழே போட்டேன்.

"முடிஞ்சுதுடா, சட்டையப் போடு."

"இன்னும் தொட்டுட்டுதானே இருக்கே மச்சான்?" கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"இல்லடா, எடுத்துட்டேன்."

"இல்ல, தோள்ல. இப்பவும்."

குனிந்து பார்த்தேன். என் இடது கையின் சுண்டு விரல் அவன் தோளில் இருந்தது.