தெப்ராவ் ரோட்டுக் கொட்டகையும் காதர் நானாவும்

காதர் நானாவின் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் மொய்தீன்தான் செய்தி கொண்டுவந்தார். நான் வேலைபார்க்கும் கந்தோர் விறாந்தையில் மழை சொட்டச் சொட்ட நின்று, "நானா மவுத்தாயிட்டாங்க. அஸர் தொழுதுட்டு அடக்கம்" என்றார். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவேயில்லையாம். துரையிடம் சொல்லிவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஜொகூர் பாருவில் அவர் கடை மீன் ஆணத்தைச் சாப்பிடாதவர்கள் குறைவு. சூப்பில் எலும்பே இல்லை என்று சண்டை போட்டவர்களும் இதை வாசிக்கக்கூடும். அந்த எலும்பெல்லாம் எங்கே போயிற்று என்பது உங்களுக்கும் தெரியும்.

தெருவில் விடப்பட்ட மிருகங்களுக்காக நானாவும் நானுமாக நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். தெப்ராவ் ரோட்டில் மாட்டுவண்டிக்காரர்கள் கைவிட்ட கொட்டகை ஒன்று கிடைத்தது. ஊரார் அதற்கு 'நாய்ச் சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கத்தில் கணக்கெழுதும் கிராணியான என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானாவைப் பார்த்துக் கோபித்தார்கள். நாயின் எச்சில் பட்டால் மண்ணும் தண்ணீருமாக ஏழு முறை கழுவவேண்டும் என்பது அவருடைய மார்க்கத்து முறை. நானா தொழுகை தவறாதவர், அந்த முறையையும் தவறவிட்டதில்லை. கொட்டகை வாசலில் தண்ணீர்த் தொட்டியும் மண் நிரப்பிய சட்டியும் எப்போதும் இருக்கும். அவருடைய ஆட்களே முகம் சுளித்தபோது ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தொட்டாக் கழுவிக்கலாம் கிராணியாரே. விட்டுட்டு வந்தா எதைப் போட்டுக் கழுவுறது?"

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களை மூடிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். சனங்களை லொறி லொறியாக ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். உலு திராம் பக்கத்தில் ஒரு தோட்டம் காலியாகிவிட்டது, லயத்து வீடுகளில் நாய் ஊளையிடுகிறது என்று யாரோ சொல்ல, நானாவும் நானும் போனோம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நாய், பழைய சேலைக் கிழிசலால் தூணில் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பானை. கையில் மிஞ்சிய அரிசியையெல்லாம் வடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டால் லொறிக்குப் பின்னால் ஓடிவந்து ரோட்டில் சாகும் என்று பயந்து கட்டியிருக்கிறார்கள். யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது. பாதி நாய்கள் செத்துக் கிடந்தன. எனக்கு அந்தச் சனங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, திட்டினேன். நானா முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டே போனார். செத்தவற்றின் கழுத்து முடிச்சையும் அவிழ்த்தார்.

அதன்பிறகு எந்தத் தோட்டத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் லொறி வருவதற்கு முன்பே அவர் அங்கே இருப்பார். கட்டிப்போட்டுவிட்டுப் போகாதீர்கள், கையில் கொடுங்கள் என்று வாசல் வாசலாகக் கேட்பார். செனாய் பக்கத்துத் தோட்டமொன்றில் ராக்காயி என்ற பெண் தன் செவலை நாயை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள். பிள்ளையில்லாதவள், புருஷனும் அங்கேதான் காய்ச்சலில் செத்தவன். லொறிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "சத்தியமாப் பாத்துக்குவீங்களா நானா?" என்று கேட்டாள். "சத்தியமா தாயி" என்று வாங்கிக்கொண்டார். லொறி திரும்பி மறையும்வரை செவலை அவர் கையில் திமிறிக்கொண்டிருந்தது.

சுமார் ஒரு வருஷம் கழித்து ஊரில் வெறிநாய் நோய் வந்தது. நோய் கண்ட நாயொன்று எங்கள் கொட்டகைக்குள் புகுந்து கடித்துக் குதறிவிட்டது. எது கடிபட்டது, எது தப்பியது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது, குழந்தைகள் நடமாடும் ஊர். செவலையை மட்டும் எங்காவது ஒளித்துவைக்கலாமே என்று நான் மெல்லக் கேட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். துப்பாக்கிக்காரர் ஒவ்வொன்றாகக் கம்பத்தில் கட்டச் சொன்னார். கட்டவேண்டாம் என்று நானா கேட்டுக்கொண்டார். கயிற்றைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றார், கடைசி நாய்வரைக்கும் நின்றார். செவலையின் முறை வந்தபோது பக்கத்தில் குந்தி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். விலகுங்கள் என்று துப்பாக்கிக்காரர் இரண்டாம் தரம் அதட்டிய பிறகே, கயிற்றை விடாமல் எழுந்தார். அன்று கைகழுவ அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

விலை ஏறியது, தோட்டங்களைத் திறந்தார்கள், கப்பல்கள் மறுபடி ஆட்களைக் கொண்டுவந்தன. ராக்காயியும் வந்தாள். நேரே கடைக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் நான் அவசரமாக, "காய்ச்சல் வருத்தம் வந்து செத்துப்போச்சு எண்டு சொல்லுங்கோ நானா, அவளுக்கு ஆறுதலாயிருக்கும்" என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் அழவில்லை. தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு, "கட்டிப் போட்டிருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்ல தாயி. எங் கையிலதான் இருந்துச்சு."

அவள் எழுந்து போய்விட்டாள். பிறகு அந்தக் கடைப்பக்கம் வந்ததேயில்லை. நானா அன்று கடையை நேரத்தோடு சாத்திவிட்டார். அதிலிருந்து அவர் யாருக்கும் சத்தியம் செய்து கொடுத்ததில்லை. நாயைக் கொடுப்பவர்கள் கேட்டால், "பாத்துக்குவேன்னு சொல்ல மாட்டேன். கூட இருப்பேன்" என்பார். இதென்ன பதில் என்று சிலர் கொடுக்காமலே போனார்கள். கொஞ்சம் பொய் சொன்னால்தான் என்ன என்று நான் அவரோடு சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

இப்போது ரப்பர் விலை மறுபடியும் இறங்கியிருக்கிறது. அவரை அடக்கம் செய்த மறுவாரமே செனாய்க்கு அப்பால் ஒரு தோட்டத்தை மூடப்போகிறார்கள் என்று சொல்ல ஆள் வந்தது. சங்கத்தில் மிச்சமிருப்பது நான்தான், போனேன். வயதான ஒருவர் தம் நாயின் கயிற்றை என்னிடம் நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"நல்லாப் பாத்துக்குவீங்களா ஐயா?"

பார்த்துக்கொள்வேன் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அந்த மனுஷனுடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வரும். லொறி ஹாரன் அடித்தது.

"கூட இருப்பன்" என்றேன்.

அவர் குனிந்து நாயின் தலையை ஒருமுறை தடவினார். பிறகு கயிற்றை விட்டார்.

காதர் நானாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டம் என்பதை, அவர் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.