ஒரு ஆளுக்கு மட்டும் சிங்கப்பூர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடிப்பது அத்னானின் வேலை. துவைப்பது ஃபஹீமா, மடிப்பது அவன் என்று கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டது. மஞ்சக்குப்பம் வீட்டுக் கட்டிலில் குவிந்து கிடந்த துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சட்டை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஃபஹீமா. "ஸ்ரீதர் அண்ணன்கிட்ட சொன்னீங்களா இல்லியா?"

"இன்னைக்குச் சொல்லிடுறேன்."

"போன வாரமும் இன்னைக்குத்தான்."

அத்னானும் ஸ்ரீதரும் சிதம்பரத்தில் ஒன்றாக இன்ஜினியரிங் படித்தவர்கள். சர்க்கரை மில்லிலிருந்து வெட்டு உத்தரவு வந்ததும் கரும்பு விவசாயிக்கு ஆட்களையும் டிராக்டரையும் போன் வழியாகச் சேர்த்துவிடும் கம்பெனி அவர்களுடையது. யோசனை ஸ்ரீதருடையது, அவன் அப்பா தங்கராசு நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடுகிறவர். செயலியை எழுதியது இரண்டு பேரும். முதலீட்டாளர்களிடம் இங்கிலீஷில் பேசுவது மட்டும் அத்னான்.

முதலீட்டாளர்கள் இப்போது, கம்பெனியைச் சிங்கப்பூருக்கு மாற்றினால்தான் அடுத்த பணம் என்கிறார்கள். அங்கே போக ஒருவர் போதுமாம். மற்றவர் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு இங்கேயே சம்பளத்துக்கு இருக்கலாமாம். இதில் முதல் பாதியை மட்டும்தான் அத்னான் ஸ்ரீதரிடம் சொல்லியிருந்தான். யாரிடமும் முகத்துக்கு நேரே கசப்பானதைச் சொல்லிப் பழகாதவன். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்ததே அதனால்தான். முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல நாளையே கடைசி.

சிதம்பரத்தில் ஸ்ரீதர் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். புதுச்சத்திரத்தில் அதையும் விட்டுவிட்டான்.

கதவைத் திறந்தவள் ஸ்ரீதரின் மனைவி இலக்கியா.

"வாங்கண்ணே. பாஸ்போர்ட் வந்துடுச்சு, பாப்பாவுக்கும் சேத்து! ஸ்கூல்ல இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு நானும் சொல்லிட்டேன்."

அவள் வேலை பார்த்தது ஒரு தனியார் பள்ளியில். போனால் திரும்பக் கிடைக்காத வேலை. அத்னான் அப்போதே சொல்லியிருக்கலாம். "அப்படியா, சந்தோசம்" என்றான்.

"உங்காளுங்க பாதிப் பேரு அங்கதான இருக்காங்க மச்சான்?" என்றான் ஸ்ரீதர். "வாடகை ஜாஸ்தியாமே. ஒரு வீடு பாத்துக் குடுக்கச் சொல்லு. இல்லன்னா உன் வீட்டு ஹால்ல படுத்துக்குவோம், ஃபஹீமா தொரத்துற வரைக்கும்."

"மொதல்ல நாங்க போயி ஆபீஸப் போட்டுட்டு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

இத்தனை நாளும் 'நாம' என்றுதான் சொல்லிவந்தான். 'நாம' என்றால் ஸ்ரீதரும் உண்டு. 'நாங்க' என்றால் இல்லை. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். முதலீட்டாளர்களிடம் பேசும்போது அது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

"நாங்கன்னா யாருண்ணே?" என்றாள் இலக்கியா.

"நானும்... ஃபஹீமாவும்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னான். பங்கு, சம்பளம் எல்லாவற்றையும். பாதியிலேயே இலக்கியா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"நான் இன்னும் சரின்னு சொல்லல மச்சான்" என்றான் அத்னான். "நீ வேணாம்னு சொல்லு, வேணாம்னுடுறேன்."

"அத எந்தலையில கட்டாத. நான் வேணாம்னா, ஆபீஸ்ல இருக்கிற புள்ளைங்களுக்கு அடுத்த மாசம் சம்பளம் இல்ல. அந்தப் பழி எனக்கு. போன்னு சொன்னா, அவனே ஒதுங்கிட்டான்னு நீ நிம்மதியா ஃபிளைட் ஏறுவ. ரெண்டுலயும் நீ நல்லவன்."

அத்னானுக்குக் காதெல்லாம் சுட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றான் ஸ்ரீதர். குரல் இறங்கியிருந்தது. "ஒருத்தர் போதும்னு அவுங்க சொன்னாங்கல்ல? அவன் இல்லாம நான் வரமாட்டேன்னு ஒரு வார்த்தை, சும்மா பேச்சுக்காச்சும், சொன்னியாடா?"

முதலீட்டாளர்கள் அதைச் சொன்ன போன் அழைப்பில் தான் கேட்ட ஒரே கேள்வி அத்னானுக்கு நினைவுக்கு வந்தது. ஃபஹீமாவுக்கும் சேர்த்தே விசா கிடைத்துவிடுமா என்று கேட்டிருந்தான்.

ஸ்ரீதர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு எழுந்து, இலக்கியா இருந்த பக்கம் போனான்.