இரண்டாம் அணிக்குப் போன தம்பி

பெரிய கூடைப்பந்து அணியின் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் மேனேஜரம்மா. முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவள். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே கை மரத்துப்போன எத்தனையோ பேரைப் பார்த்தவள். அதனால்தான், ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே ஒரு சின்ன அணி, அவற்றுக்கென்று தனித் தொடர் என்ற யோசனையை விடாமல் சுமந்து திரிந்தாள். இளசுகள் அங்கே ஆடித் தேறட்டும். காயம்பட்டவர்கள் அங்கே ஆடிச் சரியாகித் திரும்பட்டும்.

அணிகளின் முதலாளிகள் லேசில் மசியவில்லை.

"நான் வளர்த்த பையனை அடுத்தவன் கொத்திட்டுப் போயிட்டா?" என்றார் ஒருவர்.

"மேல இருக்கிற அணியைத் தவிர வேற யாரும் அவனைத் தொடக்கூடாதுன்னு விதி போட்டுடுவோம்" என்றாள். அதற்குத்தான் தலையாட்டினார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய உள்ளரங்கத்தை வாடகைக்குப் பிடித்தாள். மழை நாளில் ஒழுகுகிற மூலையில் வாளியை வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டே பயிற்சியாளர் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"கணுக்கால் சரியான பிறகும் அவன் எறியுற பந்து விழமாட்டேங்குது. கீழ அனுப்பணும். நீங்களே சொல்லிடுங்க."

அவன் வேறு யாருமில்லை, அதே பெரிய அணியில் ஆடும் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. ஊருக்குத்தான் உபதேசமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"உன் கடைக்கு நான்தான் முதல் போணியாக்கா?"

"கை பழகட்டும்டா. அப்புறம் மேல வந்துடலாம்."

அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க அண்ணி. சோபாவுல உக்காந்து டிவிக்குக் கோச்சிங் குடுக்கிறாரு, காது வலிக்குது."

அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் போனான். அக்காவோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முதலில் பந்து வளையத்தில் பட்டுப் பட்டுத் தெறித்தது. போகப்போக ஒன்றிரண்டு விழுந்தன. ஒருநாள் முழு ஆட்டமும் ஆடி, வேர்வை சொட்டச் சொட்ட எதிரணிக்காரன் தோளில் கைபோட்டுச் சிரித்தபடி வெளியே வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது அவளுக்கு.

தொடரின் பாதியில் மேலிருந்து அழைப்பு வந்தது. அவளே போய்ச் சொன்னாள்.

"அங்க எவ்வளவு நேரம் ஆடவிடுவாங்க?" வாரக்கணக்கில் மூடியிருந்த வாய் திறந்தது.

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "கொஞ்ச நேரந்தான்."

"அப்ப என்கூட இங்க ஆடுறானே நம்ம நெட்டையன், அவனைக் கூட்டிட்டுப் போ. என்னைவிட நல்லா ஆடுறான். நான் இந்தத் தொடரை முடிச்சிட்டு வரேன்க்கா."

பயிற்சியாளர் முணுமுணுத்துக்கொண்டே நெட்டையனை எடுத்தார். அவன் மேலேயே நிலைத்துவிட்டான். தம்பி தொடரை முடித்துவிட்டு மேலே போய் இன்னும் சில காலம் ஆடினான். ஆனால் அதற்கு முன்னால், சின்ன அணிகளின் தொடர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மதியமே, சொல்லாமல் கொள்ளாமல் மனைவியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பசிக்குதுக்கா" என்றான். அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள்.