ஆறு மணிவரை வெறுங்கழுத்து

என் கழுத்தெலும்புக்குக் கீழே, தாலிச் சங்கிலி உரசும் இடத்தில், ஒரு தழும்பு வளர்ந்துகொண்டே இருந்தது. ஆரம்பம் என்னவோ அப்பளம் பொரிக்கும்போது தெறித்த ஒரு சொட்டு எண்ணெய்தான். மற்றவர்களுக்கு அது ஆறி மறைந்திருக்கும். எனக்கு மிளகளவு தடித்து, புளியங்கொட்டை அளவாகி, அதற்கப்புறமும் நிற்கவில்லை. கெலோய்ட் என்றார் ஈப்போ மருத்துவமனையில் தோல் டாக்டர். அறுத்து எடுத்தார்கள், முன்னைவிடப் பெரிதாக வந்தது. தடித்த ஊசியால் அதற்குள்ளேயே மருந்து ஏற்றினார்கள். இரண்டாம் தடவை மயங்கி விழுந்தேன், மூன்றாம் தடவைக்குப் போகவே இல்லை. நான் பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை அதைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர், புழுவா?" என்று கேட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன். அழகு கிடக்கட்டும், அந்த அரிப்பும் குத்தலும் இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

அதனால்தான், புது வைத்தியம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம், சேருகிறீர்களா என்று டாக்டர் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். ஹைட்ரோஜெல் நுண்ணூசி என்று பேர். பார்க்க ஒரு சின்னப் பிளாஸ்டர். அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வரிசையாக ஊசிமுனைகள். காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும் அந்த முனைகள், தோலுக்குள் போனதும் உடம்பு நீரை உறிஞ்சி அகார்-அகார் ஜெல்லி போல இளகிவிடுமாம். அந்த ஈரத்தின் வழியாக மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குமாம். வலி என்று சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு வீட்டிலேயே ஒட்டி மாலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டும். நனையக்கூடாது, நகரக்கூடாது, அவ்வளவுதான்.

ஒட்டும் விதத்தைச் சொல்லிக்கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு தமிழ்ப் பெண். கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

"அக்கா, சங்கிலிய கழட்டிரணும்லா. உரசினா பிளாஸ்டர் நகந்துரும்."

என் கை தாலியைப் பொத்திக்கொண்டது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி, கோபீசு, தக்காளி என்று மலைக் காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்குகிற வேலை. அந்தப் பாதையில் வளைவுக்குப் பின்னால் வளைவு, மழை பெய்தால் மண் சரியும். எனக்குப் பள்ளி இல்லாத சனிக்கிழமையில்தான் பிளாஸ்டர் ஒட்ட முடியும், அவருக்கும் அன்றைக்குத்தான் மலை ஓட்டம். அன்றைக்கா நான் தாலியைக் கழற்றி வைப்பது? படித்தவள்தானே, உனக்குமா இந்தப் பயம் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர்கள் புருஷன் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பான்.

முதல் சனிக்கிழமை வெறுங்கழுத்தாக இருக்க மனசு வரவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற பெண்கள் செய்வதையே செய்தேன். சங்கிலிக்குப் பதில் மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். எங்கள் ஊர் கோப்பெங் வெயில் சும்மா விடுமா? வேர்த்து, மஞ்சள் கரைந்து, பிளாஸ்டருக்கு அடியில் இறங்கி, மதியம் குனிந்து சாம்பாரைக் கிண்டும்போது பிளாஸ்டரே கழன்று விழுந்தது. சட்டிக்குள் விழாததுதான் மிச்சம்.

"என்னாக்கா நீங்க! கயிறு மட்டும் உரசாதா?" என்றாள் மிஸ்ஸி. டாக்டர் திட்டவில்லை. இன்னொன்று இப்படிப் பாதியில் போனால் மருந்து எவ்வளவு இறங்கியது என்று கணக்கு வைக்க முடியாது, சோதனையிலிருந்து உங்களை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சனிக்கிழமை காலை, கண்ணாடி முன்னால் சங்கிலிக் கொக்கியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கிற? நான் கட்டுனது, நானே கழட்டுறேன்."

"ஐயோ, வாயக் கழுவுங்க!"

சிரித்தபடியே கழற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பிளாஸ்டரையும் அவரே ஒட்டி, மிஸ்ஸி சொன்னபடி கட்டைவிரலால் அழுத்தினார். "என் உயிரு உன் கழுத்துல இல்ல, லோரி பிரேக்குல இருக்கு. பிரேக்கு புதுசு. வாரேன்."

எங்கள் தாமான் வீடுகள் பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டியவை. பின்கட்டில் நின்றால் விட்டுவைத்த நாலு ரப்பர் மரமும் அதற்கு மேல் மலையும் தெரியும். இரண்டு மணிக்கு அந்த மலை கறுத்தது. மூன்று மணிக்குத் தாமான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ரோட்டை மூடிய செம்மண், அதில் பாதி புதைந்த ஒரு நீல லோரி. அவர் லோரியும் நீலம். நம்பர் பிளேட் தெரியவில்லை. போன் போட்டேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள். எத்தனை தடவை போட்டாலும் அவளேதான் பேசினாள். அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது எனக்கு.

நாலரை மணிக்குச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். சங்கிலியைப் போட்டால் பிளாஸ்டர் நகரும், வைத்தியம் போய்விடும். போகட்டும். வைத்தியமா புருஷனா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே கேட்டு நானே செத்துக்கொண்டிருந்தேன். இடது கையில் சங்கிலி. வலது கை நகம் பிளாஸ்டரின் மூலையைக் கிளப்பிவிட்டது.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நாந்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, ஒரு சீன அங்கிள் போன்ல பேசுறேன். மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல இதச் சொல்லு, பிளாஸ்டர் இருக்கா?"

பிளாஸ்டர் மூலையிலிருந்து நகத்தை எடுத்தேன்.

"பிச்சிராதம்மா. நீ பிச்சிருவன்னு தெரியும். அதான் மழையில லோரி லோரியா ஏறி எறங்கி போன் கேட்டேன். ஆறு மணி வரைக்கும் பிச்சிராத."

மூலை தோலை விட்டு எழும்பியிருந்தது. காலையில் அவர் அழுத்திய இடத்திலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"இருக்குங்க," என்றேன்.

ஆறு மணிவரை விரலை எடுக்கவில்லை.